திரை விலகும் முன் ஐந்தரை நிமிடம்

"சரி" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வேண்டாம் அண்ணி" என்று வந்தது.

சனிக்கிழமை, மாலை நாலு மணி. ஏழு மணிக்கு முதல் காட்சி. அரங்கத்தின் எழுநூறு நாற்காலிகளும் காலியாகக் கிடந்தன. மேடையில் தச்சர் ஒருவர் பேருந்தின் படிக்கட்டில் கடைசி ஆணியை அடித்துக்கொண்டிருந்தார். மேடைக்குக் கீழே வாத்தியக் குழியில் யாரோ ஒரே சுரத்தை ஊதி ஊதிப் பார்த்தார்கள். அண்ணி என் விளக்கு அறையின் ஜன்னலுக்கு வெளியே, கடைசி வரிசை நாற்காலியில் சாய்ந்து நின்றபடி, கையிலிருந்த பட்டியலில் டிக் போட்டுக்கொண்டே வந்தார். புகை எந்திரம், டிக். டிரைவர் தொப்பி, டிக். "முன்னிசை நேத்து மாதிரியே. வெட்டினது வெட்டினபடி. சரியா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் பாதி டிக் போட்டுவிட்டார். எட்டு மாதமாக என் பதில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அண்ணி என் மனைவியின் அக்கா. இந்தப் பாட்டு நாடகத்தின் இயக்குநர். இசையை எழுதியவள் என் மனைவி. எட்டு மாதத்துக்கு முன் இறந்துவிட்டாள். நான் அரங்கத்தின் விளக்குப் பலகையை இயக்குகிறவன். மின்பொறியியல் படித்துவிட்டு ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று என் பக்கத்து உறவில் எல்லோரும் கேட்டாகிவிட்டது. இங்கேதான் அவளைப் பார்த்தேன். அதனால் உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் போன பிறகு யார் எது கேட்டாலும் "சரி" என்பேன். அலமாரியைக் காலி செய்யலாமா? சரி. பியானோவை இசைப் பள்ளிக்குக் கொடுக்கலாமா? சரி. சாப்பிட்டியா? சரி. ஒரு முறை அண்ணி, "நீ திட்டினாக்கூடப் பரவால்ல தம்பி. சரின்னு சொன்னா பயமா இருக்கு" என்றார். அதற்கும் அதையே சொன்னேன்.

நாடகத்தின் கதை சுருக்கமானது. கொட்டும் மழையில் ஒரு பேருந்து பாலத்தின் நடுவில் நின்றுவிடுகிறது. டிரைவர் ஒரு பெண். இருபத்தொரு பயணிகள். சண்டை, காதல், திருட்டு, ஒரு பிரசவம். விடிவதற்குள் பதினாறு பாட்டு. திரை விலகுவதற்கு முன்னால், மூடிய திரைக்கு முன் வாத்தியக்காரர்கள் பதினாலு பேரும் ஐந்தரை நிமிடம் வாசிப்பார்கள். எல்லோரும் அதை ஓவர்ச்சர் என்பார்கள். அவள் முன்னிசை என்பாள். அவள் விடாமல் சொன்னதில் குழுவே முன்னிசை என்று சொல்ல ஆரம்பித்தது.

அவளுக்கு முன்னிசைப் பைத்தியம். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கிருந்தோ பழைய இசைத்தட்டுகளைக் கொண்டுவருவாள். என்னைத் தரையில் உட்கார வைத்து ஒவ்வொரு நாடகத்தின் முன்னிசையையும் போடுவாள். முதல் பாட்டு தொடங்கும்போது ஊசியைத் தூக்கிவிடுவாள். "இப்ப கதை என்னன்னு சொல்லு." நான் எதையாவது உளறுவேன். பெரும்பாலும் தப்பு. இப்படி நாற்பது நாடகங்களின் வாசலைப் பார்த்திருக்கிறேன், ஒன்றின் உள்ளேயும் போனதில்லை. நாற்பது கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காராமல் திரும்பியவன் மாதிரி. "முன்னிசைன்னா என்ன தெரியுமா?" என்பாள். "மாடிப்படி ஏறும்போதே எந்த வீட்ல என்ன சமையல்னு மூக்குக்குத் தெரியுதில்ல? அது. கதவு இன்னும் தொறக்கல. ஆனா பசி வந்துடுச்சு."

அதை எழுதுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசியில்தான் எழுதுவார்கள். நாடகத்தில் என்னென்ன பாட்டு நிற்கும், எது கழியும் என்று ஒத்திகையில் தெரிந்த பிறகு, நிற்பவற்றில் ஒவ்வொரு துண்டு எடுத்துக் கோப்பார்கள். அவள் மட்டும் அதை முதலிலேயே எழுதி முடித்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், சாப்பாட்டுத் தட்டு வைக்கும் மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டு. ஏன் அவசரம் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அவள் போய் ஐந்தாவது மாதம் அண்ணி ஒரு பாட்டை வெட்டினார். இரண்டாம் பாதியில், மழை விட்டு வெளுக்கும் நேரத்தில், டிரைவரம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தனியாகப் பாடும் பாட்டு. கதை அங்கே இழுக்கிறது என்றார். சரி என்றேன். இந்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. முன்னிசையில் அந்தப் பாட்டின் மெட்டு அப்படியே இருந்தது. முப்பத்திரண்டு கட்டம். இசைத்தாளில் கோடு போட்டுப் பிரிக்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு கட்டம். "இல்லாத பாட்டுக்கு விளம்பரம் எதுக்கு? கேக்கறவன் கடைசிவரைக்கும் காத்துட்டு இருப்பான், ஏமாந்து போவான்" என்றார் அண்ணி. அதுவும் நியாயம்தான். அந்த முப்பத்திரண்டையும் தாண்டிப் போகும்படி எல்லோர் தாளிலும் பென்சிலால் குறி போட்டார்கள். நான் சரி சொல்லியிருந்தேன்.

பிறகு நேற்று, வெள்ளிக்கிழமை, உடையணிந்த முழு ஒத்திகை. முன்னிசையில் எனக்கு மூன்று வேலை. தொடக்கத்தில் ஒன்று: அரங்க விளக்கு பாதியாகும். நடுவில் இரண்டு: பாதியிலிருந்து மெல்ல மெல்ல இறங்கும். எக்காளம் ஒலித்ததும் மூன்று: மிச்சமும் போய் முழு இருட்டு. எல்லாவற்றுக்கும் ஒரே பொத்தான்தான். அழுத்த அழுத்த அடுத்தது வரும். வெட்டிய பிறகு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இடமே இல்லை. இரண்டு வினாடியில் வெளிச்சம் போனது. வாசலில் நின்ற டிக்கெட் கிழிப்பவர் சட்டென்று நிமிர்ந்து பல்பைப் பார்த்தார்.

அவர் நிமிர்ந்து பார்த்ததும் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது.

"அரங்க வெளிச்சம் போறது யாருக்கும் தெரியக் கூடாது. ஆனா போயிருக்கணும். உனக்கு எவ்ளோ நேரம் வேணும்?" என்று கேட்டாள். மேஜையில் இசைத்தாள். மூக்கில் குழாய்.

"எழுபத்தஞ்சு செகண்ட்."

"அறுபதுல முடியாதா?"

"எழுபத்தஞ்சுக்குக் கீழ போனா எவனாவது நிமிர்ந்து பல்பைப் பாப்பான்."

சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும், வந்தது. "எல்லாத்துலயும் கஞ்சன், செகண்டுல மட்டும் வள்ளல்" என்று தாளில் ஏதோ கணக்குப் போட்டாள். அந்தக் கணக்குதான் முப்பத்திரண்டு கட்டம். நான் அதை மறந்தே போயிருந்தேன். மூன்று மாதமாக ஒத்திகையில் அந்த இடம் வரும்போதெல்லாம் வினாடிகளை எண்ணியிருக்கிறேன். யார் கொடுத்த வினாடிகள் என்று நினைத்ததில்லை.

அதனால்தான் சனிக்கிழமை நாலு மணிக்கு வாயில் "வேண்டாம்" வந்தது.

அண்ணி பாதி டிக்கோடு நிமிர்ந்தார். "என்னது?"

"வெட்ட வேண்டாம். விளக்கு இறங்க நேரம் இல்ல."

"நேத்து ரெண்டு செகண்டுல இறங்குச்சே."

"விழுந்துச்சு. இறங்கல."

"எட்டு மாசமா வாய்ல என்ன பூட்டா போட்டிருந்த? மூணு மணி நேரத்துல ஷோவ வச்சுக்கிட்டுத்தான் சாவி கெடச்சுதா உனக்கு?" என்றார். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். பிறகு நாற்காலியின் முதுகிலிருந்து சரிந்து உட்கார்ந்தார். தச்சர் சுத்தியலை நிறுத்தினார். அரங்கம் பெரிதாகிவிட்டது போல இருந்தது.

"ஒண்ணு சொல்லட்டுமா தம்பி? அந்த மெட்டு வரும்போது நான் டைரக்டர் இல்ல. அவ அக்கா. அக்காவா கேட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நெஜமா நல்லாருக்கா, இழுக்குதா, எனக்குத் தெரியல. தெரியாததை வெட்டிடறது என் பழக்கம்."

"எனக்கும் தெரியாது அண்ணி. நான் கேட்டதே இல்ல. எண்ணிட்டு இருப்பேன்."

 அண்ணி பட்டியலில் போட்ட பாதி டிக்கைக் கிறுக்கி அடித்தார். "இன்னைக்கு ஒரு நாள். ஜனங்க நெளிஞ்சா, கொட்டாவி விட்டா, நாளைலேர்ந்து கெடையாது. அந்த மெட்டு அதோட முடிஞ்சுது. அப்ப நீ பழையபடி சரின்னு சொல்லணும்."

"சொல்றேன்."

குழிக்கு ஓடினேன். ஓடினேன் என்பது படிக்கட்டில் முழங்கால் இடித்த பிறகுதான் தெரிந்தது.

வாத்தியக் குழுவை நடத்துபவரைக் குச்சி சார் என்போம். கையில் இருப்பதும் குச்சி, ஆளும் குச்சி. விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார். "நாலு மணிக்கு மேல மனசு மாறக் கூடாதுன்னு சட்டம் கொண்டுவரணும்யா." ஆனால் முகம் முழுக்கப் பல். அவருக்கு அந்த மெட்டு பிடிக்கும். செவ்வாய்க்கிழமை அதை வெட்டும்போது குச்சியை மேஜையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். "ரப்பர்! யார்கிட்டயாவது ரப்பர் இருக்கா?" என்று இப்போது குழியில் நின்று கத்தினார்.

குழியில் ஒரு சட்டம் உண்டு. தாளில் எதைக் குறித்தாலும் பென்சில்தான், பேனா கூடாது. எதையும் கிழிக்கக் கூடாது. வெட்டிய பாட்டின் பக்கங்களைக்கூட கிளிப் போட்டு மூடித்தான் வைப்பார்கள். இன்றைக்கு வேண்டாதது நாளைக்கு வேண்டியிருக்கும் என்பது அவர்கள் அனுபவம். பென்சில் எல்லோரிடமும் இருந்தது. ரப்பர் ஒருவரிடமும் இல்லை.

"என்னத்த அழிக்கணும்?" என்று முதல் வரிசையிலிருந்து குரல் வந்தது. மாமா. என் மனைவியின் அப்பா. பகல் இரண்டு மணியிலிருந்து மேற்பார்வை செய்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறார். வரைபட அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கட்டட வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் கண்ணாடி இல்லாமல் வருவார், ரப்பர் இல்லாமல் வரமாட்டார். அன்றைக்கு மூன்று இருந்தது.

"நகருங்க மாப்ள. கோடு போடறது எவன் வேணாலும் போடுவான். தாள் நோகாம அழிக்கறதுதான் வித்தை" என்று குழிக்குள் இறங்கினார். ஒவ்வொரு இசைத்தாள் தாங்கியாகப் போய்த் தாளை எடுத்து, மடியில் ஒரு அட்டை வைத்து, ஒரே திசையில் மெல்லத் தேய்த்தார். தூளைச் சிறிய தூரிகையால் தள்ளினார். நானும் ஒன்றை எடுத்தேன். என் வேகத்தைப் பார்த்துவிட்டு, "சட்டி தேய்க்கறீங்களா?" என்றார். கைவேகத்தைக் குறைத்தேன். கோடு மறைய மறைய, அடியிலிருந்து அவள் கையெழுத்து வந்தது. மெட்டு தொடங்கும் இடத்துக்கு மேலே, எந்த வேகத்தில் வாசிக்க வேண்டும் என்று எழுதுவார்களே, அந்த இடத்தில்: வெளிச்சம் போகும் வேகத்தில்.

மாமா தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் படித்தார். "அவ எழுத்து சின்ன வயசுலேர்ந்தே மேல ஏறும், பாருங்க. ஸ்கேல் வச்சு எழுதுன்னா கேக்க மாட்டா" என்றார்.  அடுத்த தாங்கிக்குப் போய்விட்டார்.

ஐந்தே முக்காலுக்கு எழுந்து முதுகை நிமிர்த்தினார். அடுக்கிய தாள்களைக் கட்டைவிரலால் எண்ணினார். "பதினாலு பேர், பதினாலு தாள். முடிஞ்சுது!"

அந்தப் பதினாலில் ஒன்று குச்சி சாரின் தாள். அது கணக்கில் சேராது. எக்காளம் ஊதுபவர் தன் தாளை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். அன்று வேறோர் இடத்தில் வாசித்துவிட்டு, அரங்கம் நிறைந்த பிறகு, பின்வாசல் வழியாக மூச்சிரைக்க வந்து குழியில் உட்கார்ந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது எண்ணிக்கை சரியாக இருந்தது என்பதுதான்.

ஆறரைக்குக் கதவு திறந்தது. வெற்று அரங்கத்துக்குள் ஆட்கள் நுழையும் சத்தத்தை ஆறு வருடமாகக் கேட்கிறேன். முதலில் பத்து செருப்பு. பிறகு நூறு. பிறகு சத்தம் தனித்தனியாகப் பிரியாது. நாற்காலிகள் மடங்கி விரிகின்றன, யாரோ யாரையோ "இங்க, இங்க" என்று கூப்பிடுகிறார்கள், குழியில் வாத்தியங்கள் ஒன்றையொன்று கவனிக்காமல் சுருதி பார்க்கின்றன. அந்த நேரத்தில் அவள் இந்த ஜன்னலுக்கு வந்து நிற்பாள். "கேளு, கேளு, எல்லாரும் ஒண்ணா தொண்டைய செருமறாங்க" என்பாள். இன்று கண்ணாடியில் என் முகம் மட்டும் இருந்தது. பொத்தானில் கை வைத்தேன், வழுக்கியது. உள்ளங்கை வேர்த்திருந்தது. சட்டையில் துடைத்தேன். மறுபடி வேர்த்தது. இந்தக் கை எட்டு மாதமாக எதற்கும் வேர்த்ததில்லை.

என் ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்தார்கள். "பஸ் நின்னு போற கதைக்கு டிக்கெட் வாங்கியிருக்க. நான் தெனம் பாக்கறேன், ஓசியில" என்றார் பெரியவர். "சும்மா வாங்களேன்" என்றார் அந்த அம்மா.

ஏழு. காதுக் கருவியில் அண்ணியின் குரல். "எல்லாரும் ரெடியா? தம்பி?"

"ரெடி."

குச்சி சார் கையைத் தூக்கினார்.

முதலில் பெரிய முரசு. மெதுவாக, கரகரவென்று, கிளம்ப மறுக்கும் எஞ்சின் மாதிரி. நின்றது. மறுபடி. நின்றது. யாரோ சிரித்தார்கள். மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. வயலின்கள் வைப்பர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்க, மொத்தக் குழுவும் ஒரு குலுக்கலோடு புறப்பட்டது. நான் ஒன்றை அழுத்தினேன். வெளிச்சம் பாதியானது. என் முதுகுத்தண்டில் என்னவோ ஏறியது. பயணிகளின் சண்டைப் பாட்டு வந்தது, இரண்டு குழல்கள் ஒன்றன் வாயை ஒன்று அடக்கப் பார்த்தன. திருடனின் பாட்டு பூனை மாதிரி வந்து, இருந்த இடம் தெரியாமல் போனது. காதல் பாட்டு தொடங்கி, வெட்கப்பட்டு, பாதியில் நின்றது. ஒவ்வொன்றும் மூக்கைக் காட்டிவிட்டு ஒளிந்துகொண்டது. நான்காவது வரிசையில் ஒரு கால் தாளம் போட்டது. எனக்கும் போடத் தோன்றியது. போட்டேன்.

ஆனால் பாதி அரங்கம் பேசிக்கொண்டிருந்தது. திரை மூடியிருக்கும்வரை நாடகம் தொடங்கவில்லை என்று நினைக்கிறவர்கள் எப்போதும் உண்டு. கைபேசி வெளிச்சங்கள். தண்ணீர் பாட்டில் கைமாறியது. "இன்னும் ஆரம்பிக்கல. சும்மா வாசிச்சுப் பாத்துட்டு இருக்காங்க" என்றார் பெரியவர். அண்ணி பக்கவாட்டுச் சுவரோரம் நின்று ஜனங்களையே பார்ப்பது தெரிந்தது. நெளிகிறார்களா என்று. நெளிந்தார்கள். இந்தச் சத்தத்தில் அந்த மெட்டு எடுபடாது. அது ஒற்றைக் கிளாரினெட்டில் தொடங்கும். எழுநூறு பேரின் பேச்சுக்கு நடுவே ஒற்றைக் கிளாரினெட் எந்த மூலைக்கு?

பிரசவப் பாட்டு முடிந்து எல்லா வாத்தியமும் ஓய்ந்தன. குச்சி சார் கிளாரினெட் பக்கம் திரும்பினார். நான் இரண்டை அழுத்தினேன். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன்.

எக்காளம் அலறியது.

முப்பத்திரண்டு கட்டம் தாண்டி வரவேண்டிய எக்காளம். அதன் தாளில் பென்சில் குறி அப்படியே இருந்தது. அது குறியை நம்பித் தாண்டிக் குதித்துவிட்டது. இரண்டே சுரம். அரங்கத்தின் கூரையில் போய் மோதியது. என் விரல் என்னைக் கேட்கவில்லை. எக்காளம் என்றால் மூன்று. அழுத்திவிட்டது.

முழு இருட்டு.

எழுநூறு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். பாதி வார்த்தை, பாதிச் சிரிப்பு, எல்லாம் அப்படியே அறுந்தது. இவ்வளவு பெரிய மௌனத்தை அந்த அரங்கத்தில் நான் கேட்டதில்லை. கீழே, குழியில், தாள்களுக்கு மேல் பதினாலு சின்ன விளக்குகள் மட்டும். காதில் அண்ணி, "தம்பி!" என்றார். என் கை வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவரும் விசைக்குப் போனது. பாதி வழியில் நின்றது.

ஏனென்றால் கிளாரினெட் நிற்கவில்லை. குச்சி சாரின் இடது கை எக்காளத்தை நோக்கி நீண்டு, உள்ளங்கையைக் காட்டி, அடங்கு என்றது. வலது கையின் குச்சி அசையாத வேகத்தில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. வெளிச்சம் போகும் வேகம். ஆனால் வெளிச்சம் போய்விட்டிருந்தது. எழுபத்தைந்து வினாடியில் நான் செய்யவேண்டிய வேலையை முதல் வினாடியிலேயே செய்து முடித்துவிட்டேன். மிச்சமிருந்த எழுபத்து நாலில் எனக்கு வேலை இல்லை. எண்ண வேண்டியதில்லை.

கேட்டேன்.

அது சோகமான மெட்டு என்று நினைத்திருந்தேன். இல்லை. கிளாரினெட் நாலடி ஏறியது, ஓரடி இறங்கியது, எதையோ மறந்து திரும்பி வந்த மாதிரி மறுபடி ஏறியது. அதில் ஒரு குறும்பு இருந்தது. ஒவ்வொரு முறையும் முடியப்போகிறது என்று நினைக்கும் இடத்தில் ஒரு சுரம் கூடுதலாகக் கொடுத்தது. பேரம் பேசி முடித்த பிறகு கடைக்காரி கொசுறு போடுவது மாதிரி. பதினாறாவது கட்டத்தில் வயலின்கள் அடியிலிருந்து சேர்ந்தன, சேர்ந்ததே தெரியாமல், இருட்டு கொஞ்சம் வெதுவெதுப்பானது போல. என் காதுமடல் சுட்டது. நெஞ்சு முரசு மாதிரி அடித்தது, கிளம்பாமல் இரண்டு முறை முரண்டிய அந்த முரசு மாதிரி. "இதுவா? இதுவா நீ எழுதினது?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். காதுக் கருவி திறந்திருந்தது.  அண்ணி மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

எக்காளம் இந்த முறை சரியான இடத்தில் வந்தது. அவமானத்தையும் சேர்த்து ஊதினார் மனிதர். மொத்தக் குழுவும் பாய்ந்தது. நான் எழுந்து நின்றிருந்தேன். கடைசி அடியில் நாலை அழுத்த, திரை பிளந்து, மழையும் மஞ்சள் வெளிச்சமும் பேருந்துமாக மேடை திறந்தது. பேருந்து இன்னும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அதற்குள் கைத்தட்டல்.

முதல் பாதி பறந்தது. எதை அழுத்தினேன் என்று ஞாபகமில்லை, எல்லாம் சரியாக அழுத்தியிருக்கிறேன்.

இடைவேளையில் மாமா மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். "மாப்ள, பதினாலுன்னு எண்ணினேனே. அந்தக் குச்சி ஆளோட தாளையும் சேத்து எண்ணிட்டேன். முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு ஜன்னல்கூட விட்டதில்ல."  அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.  "நல்ல வேளை மாமா" என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜன்னலுக்குக் கீழே அந்த அம்மா எதையோ முணுமுணுத்தார். நாலடி ஏறி, ஓரடி இறங்கி.

"அந்தப் பாட்டு இன்னும் வரலையே?" என்றார் பெரியவரிடம்.

"எது?"

"இருட்டுல வந்துதே."

"ரெண்டாம் பாதில வரும். முன்னாடியே காட்டிட்டு வராம இருக்குமா? அது என்ன நியாயம்?" என்றார் பெரியவர், ஏதோ அவரே எழுதிய நாடகம் மாதிரி.

இரண்டு நாற்காலி தள்ளி அண்ணி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. மெல்ல என் ஜன்னலுக்கு வந்தார். கண்மை கரைந்து கன்னத்துக்கு வந்திருந்தது, துடைக்கவில்லை.

"வாசல்ல டீ வரிசையில நாலு பேர் அதை முனகறாங்க" என்றார். "டிக்கெட் கிழிக்கறவர் உள்பட." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பாட்டுக்கு நீ போட்ட விளக்கு, நம்பர் எழுபத்தொண்ணுலேர்ந்து எழுபத்தி நாலுவரைக்கும். பலகையில இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"அழிக்கச் சொன்னேனே. சரின்னு சொன்னியே."

"சொன்னேன்."

அண்ணி என் கன்னத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். அடியா தட்டலா என்று சொல்ல முடியாத ஒன்று. மணி அடித்தது. "டிரைவரம்மாவுக்குத் தொண்டை தாங்குமான்னு கேக்கணும். அவ மூணு மாசமா அதைப் பாடல. குச்சிக்கிட்டயும் கேக்கணும். இரு, நான் சொல்றேன்" என்று ஓடினார்.

இரண்டாம் பாதி தொடங்கியது. காதுக் கருவியில் அண்ணி விளக்கு எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஐம்பது. ஐம்பத்தைந்து. அறுபது. பிரசவம் முடிந்து குழந்தை அழுதது. அந்தப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுபது. மழை நின்றது. பயணிகள் தூங்கினார்கள்.

ஒத்திகையில் இந்த இடத்தில் தினமும் நான் எழுபத்தைந்து என்று எண்ணைத் தட்டுவேன். தட்டினால் பலகை தாண்டிப் போகும், சூரியன் உடனே உதிக்கும். தட்டாமல் பொத்தானை அழுத்தினால் எழுபத்தொன்று. மேடையில் எல்லா விளக்கும் போய், ஸ்டியரிங்கின் மேல் மட்டும் ஒரு சாம்பல் வெளிச்சம். எண்களின் மேலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு ஒற்றை விரலைப் பொத்தானில் வைத்தேன்.

காதில் அண்ணியின் மூச்சு கேட்டது. இழுத்து, விடாமல் பிடித்திருந்தார். ஜன்னலுக்குக் கீழே அந்த அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். டிரைவரம்மா இருக்கையிலிருந்து எழ வேண்டும், எழவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார். குழியில் பதினாலு சின்ன விளக்குகளின் அடியில் தாள்கள் திரும்பின. ஒரு விளக்கின் கீழே, ஒரு கிளிப் பளிச்சென்று மின்னிவிட்டுத் தரையில் விழுந்தது. கிளாரினெட்காரர் நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு குச்சி சாரைப் பார்த்தார்.